காளான் காப்ஸ்யூல் வாங்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி சுப்பாராவ் கதையைப் படிங்க!

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு மாலை நேரம் நடந்தால், ஹோட்டல் போர்டில் காளான் பிரியாணியும், காய்கறிக் கடையில் சிப்பிக் காளான் பாக்கெட்டும் கண்ணில் படாமல் இருக்காது. மழைக்கு மறுநாள் என்றால் சிறுமலை அடிவாரத்து ஊர்களில் புற்றுக்காளான் பேச்சுதான். இதெல்லாம் சாப்பாட்டுக் கதை.

அதே இடத்தில் நின்று போனைத் திறந்தால் வேறொரு காளான் வருகிறது. ரெய்ஷி, கார்டிசெப்ஸ், லயன்ஸ் மேன் என்று வாயில் நுழையாத பெயர்கள். மூட்டு வலிக்கு, சர்க்கரைக்கு, ஞாபக சக்திக்கு, ஏன், புற்றுநோய்க்கே கூட நல்லது என்கிறது விளம்பரம். இயற்கையானது, பக்க விளைவே கிடையாது என்பது கூடவே வரும் வாக்குறுதி. மூட்டு வலியில் தவிக்கும் அம்மாவுக்கு ஒரு டப்பா வாங்கிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

வாங்கலாமா, வேண்டாமா? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வது சரியாக இருக்கும். இயற்கையில் கிடைக்கும் ஒரு பொருளுக்குள் இருக்கும் மருந்து எது என்று தேடுவதிலேயே தன் வாழ்நாளைச் செலவழித்தவர் அவர். சென்னையில் படித்தவர். அவர் பெயரில் ஒரு பூஞ்சையே இருக்கிறது. அவர்தான் எல்லப்பிரகட சுப்பாராவ்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தவர். இன்று அது ஆந்திரா. அன்று, திண்டுக்கல்லைப் போலவே, மதராஸ் மாகாணத்துக்குள் இருந்த ஊர். குடும்பத்தில் பணக் கஷ்டம். சிறுவனுக்கோ படிப்பில் மனம் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் காசிக்குப் போய், யாத்திரை வருபவர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டே கிளம்பினார். பாதி வழியில் பிடித்து அழைத்து வந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார் அம்மா.

மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பாஸானது மூன்றாவது முயற்சியில். அதுவும் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே இருந்தபோது ராமகிருஷ்ணா மடத்தின் மீது ஈர்ப்பு வந்து, சந்நியாசி ஆகிவிடலாம் என்று முடிவெடுத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. டாக்டருக்குப் படித்துச் சேவை செய்யலாமே என்று மடத்திலும் வழி சொன்னார்கள். அப்படித்தான் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். படிப்புச் செலவுக்குக் கை கொடுத்தவர் பின்னாளில் அவருக்கு மாமனார் ஆனார். 1919ல் சேஷகிரியுடன் திருமணம்.

அது காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. அரசு மருத்துவ வேலைக்கான கதவு அதோடு சாத்திக்கொண்டது.

இரண்டு சகோதரர்களைக் கொண்டுபோன நோய்

இந்தச் சமயத்தில்தான் அந்தக் குடும்பத்தில் பெரிய இடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர், சில நாட்கள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். நோயின் பெயர் டிராபிகல் ஸ்ப்ரூ.

இது குடலைத் தாக்கும் நோய். ஓயாத வயிற்றுப்போக்கு, சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, நாக்கு புண்ணாகும், ரத்தம் வற்றும், ஆள் எலும்பும் தோலும் ஆகிவிடுவார். நாட்டு வைத்தியத்தில் கிரகணி என்று சொல்லும் நோய்களோடு இதன் அறிகுறிகள் ஒத்துப்போகும். அன்றைய ஆங்கில மருத்துவத்திடம் இதற்குச் சரியான மருந்து இல்லை.

சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. அவரைப் பிழைக்க வைத்தது டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சை. லட்சுமிபதி ஆங்கில மருத்துவமும் படித்தவர், ஆயுர்வேதமும் கற்றவர். பிறகு அவர் இருந்த சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் உடற்கூறியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மூலிகை மருந்தால் பிழைத்த ஒருவர் அதற்குப் பிறகு இரண்டு விதமாகப் போகலாம். எல்லாமே நம்ம பழைய ஏட்டில் இருக்கிறது என்று அதோடு நின்றுவிடலாம். அல்லது, ஏதோ அதிர்ஷ்டம், இதில் அறிவியல் இல்லை என்று ஒதுக்கிவிடலாம். சுப்பாராவ் இரண்டையும் செய்யவில்லை. ஒரு மருந்து வேலை செய்கிறது என்றால், அதற்குள் வேலை செய்வது எந்தப் பொருள்? அவரை அமெரிக்கா வரை இழுத்துக்கொண்டு போனது இந்தக் கேள்விதான்.

ஹார்வர்டில் ராத்திரி வேலை

1920களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். மாமனாரின் உதவியும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கொடுத்த பணமும்தான் மூலதனம். கர்ப்பிணியான மனைவியை ஊரில் விட்டுவிட்டு, சில வருடங்களில் திரும்பி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

போஸ்டனில் இறங்கியபோது பை காலி. ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பகலில் படிப்பு, ராத்திரியில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவுவது வரை செய்திருக்கிறார். 1924ல் டிப்ளமோ முடித்தார். அடுத்து உயிர்வேதியியல் துறைக்குள் நுழைந்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை உருவாக்கினார். 1925ல் வெளியான அந்த முறைக்கு இன்றும் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றுதான் பெயர். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு லேபில் பார்த்த ஞாபகம் இருக்கலாம். அந்த அளவுகோலை வைத்துத்தான் தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியாட்டினையும், நம் செல்களின் பேட்டரி என்று சொல்லப்படும் ஏ.டி.பி.யையும் அந்தக் குழு கண்டது. ஏ.டி.பி.யை 1929ல் ஜெர்மனியின் கார்ல் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார்.

1930ல் பிஎச்.டி. ஆனால் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பணி தரவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்கு மாறினார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

ஈஸ்ட், ஈரல், கீரை: மூன்றிலும் ஒளிந்திருந்த ஒரே பொருள்

இங்கேதான் பூஞ்சை நம் கதைக்குள் வருகிறது. காளான், ஈஸ்ட், ரொட்டியில் பிடிக்கும் பூசணம் எல்லாமே பூஞ்சைக் குடும்பம்தான்.

1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். என்ன காரணம் என்று தேடிய வில்ஸ், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் விலங்குகளிடம் சோதனை செய்து பார்த்தார். கடைசியில், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தபோது அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறத் தொடங்கியது. ஈஸ்ட்டில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது என்ன என்பது மட்டும் தெரியவில்லை. பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு வில்ஸ் காரணி என்று பேர் வைத்தார்கள்.

அதேபோல, ஈரல் சாப்பிட்டால் ஒருவகைக் கொடிய ரத்தசோகை குறைகிறது என்று 1926ல் போஸ்டன் டாக்டர்கள் கண்டிருந்தார்கள். ஈரலுக்குள் என்ன இருக்கிறது என்று சுப்பாராவ் ஹார்வர்டில் இருந்தபோதே தேட ஆரம்பித்திருந்தார். 1941ல் இன்னொரு அமெரிக்கக் குழு பசலை மாதிரியான கீரையில் 4 டன் எடுத்து, அதிலிருந்து துளியூண்டு பொருளைப் பிரித்தது. லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் அந்தப் பொருள் ஃபோலிக் ஆசிட் ஆனது.

4 டன் என்றால் ஒரு மினி லாரி கொள்ளாது. மருந்து இருக்கிறது என்பது வேறு, மருந்தாகும் அளவுக்கு இருக்கிறது என்பது வேறு. இதுதான் அங்கே இருந்த சிக்கல்.

சுப்பாராவின் குழு அந்தச் சிக்கலை உடைத்தது. ஈரலிலிருந்து அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தார்கள். அதன் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று படித்தார்கள். பிறகு ஈரலும் வேண்டாம், கீரையும் வேண்டாம் என்று 1945ல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டினார்கள். ஈஸ்ட், ஈரல், கீரை மூன்றிலும் ஒளிந்திருந்தது ஃபோலேட் என்ற ஒரே பி வைட்டமின் குடும்பம்தான்.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தபோது வற்றிப்போன ரத்தம் திரும்ப ஊறியது. சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு எதிராகச் சுப்பாராவ் கையில் கிடைத்த முதல் ஆயுதம் அது.

அது இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? திண்டுக்கல் பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இருக்கிறது. 60 மில்லிகிராம் இரும்புச்சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், தினம் ஒன்று, 180 நாள். பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற மாத்திரை முழுங்கியிருந்தால், நீங்களும் அதைச் சாப்பிட்டவர்தான்.

சத்துதானே, என்ன பண்ணிடும்?

இப்போது கதையில் ஒரு திருப்பம். போஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அன்று அந்த நோய் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம்தான். ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை. இன்னும் வேகமெடுப்பதுபோல் ஃபார்பருக்குத் தெரிந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். செல்கள் பெருகுவதற்கு ஃபோலேட் தேவை. புற்றுநோய்ச் செல் கண்மண் தெரியாமல் பெருகும் செல். அதற்கும் இது தீனிதான். எல்லோருக்கும் நல்லது செய்யும் ஒரு சத்து, ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குக் கெடுதலாகலாம் என்பதை அந்த வார்டு காட்டிக் கொடுத்தது.

அப்படியென்றால் அந்தத் தீனியைத் தடுத்தால்? ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் இருக்கும், ஆனால் வேலை செய்யாத போலிகளை லெடர்லேயில் சுப்பாராவின் குழு தயாரித்தது.

இதைத் திண்டுக்கல்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் ஒரு என்சைம் இருக்கிறது, அதுதான் பூட்டு. ஃபோலிக் ஆசிட் அதன் சாவி. சாவி நுழைந்து திரும்பினால் செல் பெருகும் வேலை நடக்கும். சுப்பாராவின் குழு செய்தது, துவாரத்துக்குள் கச்சிதமாக நுழையும் ஆனால் திரும்பாத கள்ளச் சாவி. நுழைந்து மாட்டிக்கொள்ளும். நல்ல சாவிக்கும் வழி இருக்காது.

அமினோப்டெரின் என்ற அந்தப் பொருளை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் அந்த முடிவுகள் வெளியாயின. அந்த முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது, நோய் திரும்பியது. ஆனாலும், மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. கீமோதெரபி வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

அதே குடும்பத்தில் லெடர்லே தயாரித்த அடுத்த மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்கு, டாக்டர்கள் முதலில் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்றும் இதுவே. மூட்டு வலி என்று சொல்லும் உங்கள் அம்மாவின் மாத்திரை டப்பாவில்கூட இருக்கலாம். வாரம் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டிய மாத்திரை அது. தவறுதலாகத் தினமும் போட்டு உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. ஒரே மாத்திரைதான். அளவு மாறினால் மருந்தும் விஷமாகும்.

காளான் பேராசிரியரும் தங்க நிற மருந்தும்

சுப்பாராவின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெஞ்சமின் டக்கர். அமெரிக்காவில் காளான் வளர்ப்பை அறிவியல் ஆக்கியவர்களில் ஒருவர். இன்று காளான் பண்ணைக்காரர்கள் வாங்கும் சுத்தமான காளான் வித்து இருக்கிறதே, அது எப்படித் தயாரிப்பது என்று 1905லேயே எழுதியவர். 1915ல் காளான் வளர்ப்பு பற்றித் தனிப் புத்தகமும் போட்டார்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று, 70 வயதைத் தாண்டிய அவரை லெடர்லேவுக்கு அழைத்துக்கொண்டார்கள். வேலை என்ன? மண்ணைத் தேடுவது. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் ஒன்றையொன்று எதிர்க்கச் சுரக்கும் பொருட்களில் மருந்து இருக்குமா என்று பார்ப்பது. பென்சிலின் அப்படி ஒரு பூசணத்திலிருந்து வந்ததுதானே?

பல இடங்களிலிருந்து மண் வந்தது. 1945ல், மிசோரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த ஒரு மாதிரியில் தங்க நிறத்தில் ஒரு உயிர் வளர்ந்தது. பூஞ்சை மாதிரி நூல்நூலாக வளரும், ஆனால் உண்மையில் அது பாக்டீரியா. அதிலிருந்து கிடைத்த ஆரியோமைசின்தான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1948ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டிராபிகல் ஸ்ப்ரூவுக்கு இன்று டாக்டர்கள் கொடுப்பது முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று ஃபோலிக் ஆசிட். இன்னொன்று டெட்ராசைக்ளின். ஒன்று சுப்பாராவின் குழுவே செய்தது. மற்றொன்றின் குடும்பமே அந்த ஆய்வகத்தில்தான் தொடங்கியது. மதராஸ் மாகாணத்தின் ஒரு வீட்டில் இரண்டு உயிர்களை எடுத்த நோய்க்கு, அந்த வீட்டுப் பையன் இருந்த ஆய்வகத்திலிருந்தே பதில் வந்திருக்கிறது.

யானைக்கால் நோய்க்காக நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் 1947ல் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான்.

திரும்பி வராத பயணம்

இவ்வளவு செய்தவர் ஏன் நமக்குத் தெரியாமல் போனார்? அவர் பேட்டி கொடுப்பதை விரும்பியவர் இல்லை. கண்டுபிடிப்புகள் குழுவின் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும் போயின. நோபல் பரிசும் வரவில்லை.

இதற்கு அவரும் குடும்பமும் கொடுத்த விலை பெரியது. அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த ஆண் குழந்தை, ஒரு வயது ஆவதற்குள் தொற்றுநோயில் இறந்துவிட்டது. அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை. சில வருடங்களில் வருகிறேன் என்றவர் கடைசிவரை இந்தியா திரும்பவில்லை. காத்திருந்த சேஷகிரி கணவரை மறுபடி சந்திக்கவே இல்லை. தொற்றுக்கு மருந்து தேடிய ஒருவரின் வீட்டிலேயே நடந்தது இது. அவரைக் கொண்டாடும்போது இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1948 ஆகஸ்டில், 53வது வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. மாரடைப்பு. ஃபார்பரின் முடிவுகள் வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

1953ல் ஹெசல்டைன் என்ற பூஞ்சையியலாளர், கழிவுநீர் சுத்திகரிப்பு வடிகட்டியில் வளரும் ஒரு புதுப் பூஞ்சையை விவரித்தபோது, அதற்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார். 1995ல், நூற்றாண்டை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

அப்போ மருத்துவக் காளான் எல்லாம் பொய்யா?

இல்லை. காளானுக்குள் மருந்துப் பொருட்கள் இருக்கின்றன. கொல்கத்தாவில் சகாய ராம் போஸ் என்ற தாவரவியல் பேராசிரியர், 1940களிலேயே மரத்தில் வளரும் காளான்களில் கிருமியைக் கொல்லும் பொருளைத் தேடினார். கேள்வி, அந்தப் பொருட்கள் சுப்பாராவ் போன பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதுதான்.

முழு தூரமும் வந்த ஒன்றைப் பார்ப்போம். ப்ளூரோமியூட்டிலின் என்ற கிருமிக்கொல்லி, 1951ல் ஒருவகைக் காளானிலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த மூலக்கூறை மாற்றி மாற்றிச் செதுக்கி, தோலில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2007ல். நிமோனியாவுக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் லெஃபாமுலின் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது 2019ல். 68 வருடம்!

பாதி தூரம் வந்தவையும் உண்டு. ஷிடாகே காளானில் இருக்கும் லென்டினன் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி, பீட்டா குளுக்கன் வகையைச் சேர்ந்தது. 1985ல் ஜப்பான் இதற்கு அனுமதி கொடுத்தது. எப்படி? வயிற்றுப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோடு சேர்த்துப் போடும் ஊசியாக. கீமோதெரபிக்குப் பதிலாக இல்லை. பொடியாகவும் இல்லை.

அடுத்து ரெய்ஷி. இதில் ட்ரைடெர்பீன் என்ற கசப்புப் பொருட்களும் பீட்டா குளுக்கனும் இருக்கின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகளை அலசிய காக்ரேன் ஆய்வு, புற்றுநோய்க்கு இதை முதல்நிலை சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு துணையாக எடுத்துக்கொள்வதை மட்டும், நன்மையும் ஆபத்தும் எடைபோட்டுப் பார்க்கலாம் என்றது. கார்டிசெப்ஸில் இருக்கும் கார்டிசெபின், ஆய்வகக் கண்ணாடித் தட்டில் செல்களிடம் செய்வதை எல்லாம் நம் உடம்புக்குள்ளும் செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

வாங்கும் முன் 4 கேள்விகள்

சுப்பாராவின் வாழ்க்கையிலிருந்தே இவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

1. எந்தப் பொருள்? டப்பாவில் காளான் படம் மட்டும் போட்டிருக்கிறதா, அல்லது உள்ளே வேலை செய்யும் பொருளின் பெயர் இருக்கிறதா?

2. எவ்வளவு? ஒரு காப்ஸ்யூலில் அந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம்? 4 டன் கீரையை மறக்காதீர்கள். ஒரு சிட்டிகைப் பொடியில் பெயரளவுக்குத்தான் அது இருக்கக்கூடும்.

3. யாரிடம் சோதித்தார்கள்? எலியிடமா, கண்ணாடித் தட்டிலா, மனிதர்களிடமா? எத்தனை பேரிடம்? நன்றாக ஆனவர்கள் பேசும் வீடியோ, சோதனை ஆகாது.

4. ஏற்கெனவே போடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? மெத்தோட்ரெக்ஸேட் போடுபவர்களின் எதிர்ப்பு சக்தியை டாக்டர் வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கிறார். அதைக் கூட்டுவதாகச் சொல்லும் பொடியை அவருக்குத் தெரியாமல் சேர்ப்பது ஆபத்தான விளையாட்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் ரெய்ஷி எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இயற்கையானது என்பதற்காக அது உடம்புக்குள் சும்மா இருந்துவிடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு எந்தக் காளானையும் நம்பி இறங்க வேண்டாம்.

அப்போ அம்மாவுக்கு என்ன வாங்கிட்டுப் போறது?

200 கிராம் சிப்பிக் காளான் வாங்கிக்கொண்டு போங்கள். காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது, வெயில் பட்டால் அது வைட்டமின் டி ஆக மாறும். நறுக்கி, கொஞ்ச நேரம் திண்டுக்கல் வெயிலில் காட்டிவிட்டுக் குழம்பு வைத்துக் கொடுங்கள். அது நல்ல சாப்பாடு.

காப்ஸ்யூல் டப்பா ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அம்மாவின் மற்ற மாத்திரைகளோடு அதையும் அதே பையில் எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வையுங்கள்.